பூங்காற்றுக்கு வந்த எசப்பாட்டு

கம்பத்தில் ஒரு டீக்கடை. ஸ்பீக்கரில் ‘பூங்காற்று திரும்புமா’ ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவன் கிளாஸைக் கையில் வைத்தபடி கேட்டான்: “அண்ணே, இத காதல் பாட்டுன்னுதான சொல்றாக? அந்தாளு ஊருக்கே பெரிய மனுசன். பேரன் எடுக்கிற வயசு. அவரு எதுக்குண்ணே தாய் மடி கேக்குறாரு?”

இந்தக் கேள்விக்கு ஒரு டீ பத்தாது. இன்னும் ரெண்டு போடச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தோம். அன்றைக்கு அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

‘முதல் மரியாதை’ 1985 ஆகஸ்ட் 15இல் வெளிவந்தது. இயக்குநர் பாரதிராஜாவுக்கு ஊர் அல்லிநகரம். இசையமைத்த இளையராஜாவுக்குப் பண்ணைப்புரம். பாட்டு எழுதிய வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். தேனி அன்றைக்குத் தனி மாவட்டம் கிடையாது, எல்லாம் மதுரை மாவட்டம்தான். ஆனால் மூன்று ஊர்களும் அரை நாளில் பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. இப்படி ஒரே வட்டாரத்துக்காரர்கள் மூன்று பேர் ஒரு பாட்டில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தப் பாட்டைத்தான் நான் முதலில் சொல்வேன். படத்தின் பாடல்களுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைச்சாமி ஊர்ப் பெரியவர். அவர் சொன்னால் ஊர் கேட்கும். வீட்டுக்குள் அவர் பேச்சுக்கு மதிப்பே இல்லை. மனைவி பொன்னாத்தா வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். அவர் ஏன் அந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டார், ஏன் இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தார் என்பதைப் படம் பின்னால்தான் சொல்கிறது. மாமனாரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, இன்னொருவனால் கருவுற்றிருந்த பெண்ணுக்குத் தாலி கட்டியவர் அவர். அந்த ஊருக்குப் பிழைக்க வந்து பரிசல் ஓட்டும் பெண் குயில். அவருக்கும் இவளுக்கும் வயதில் ஒரு தலைமுறை இடைவெளி. சாதியிலும் வசதியிலும் அதைவிடப் பெரிய இடைவெளி. மலைச்சாமியாக நடித்த சிவாஜி கணேசனுக்கு அப்போது 56 வயது. குயிலாக நடித்தவர் ராதா.

பாட்டு ஒரு கேள்வியோடு தொடங்குகிறது, அதுவும் காற்றைப் பற்றிய கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு இது வெறும் கவிதை அலங்காரமாகப் படலாம். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவனுக்கு அப்படிப் படாது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் கணவாய். ஆடி பிறந்தால் குமுளிப் பக்கமிருந்து இறங்கும் காற்று கூடலூர், கம்பம், சின்னமனூர் என்று வழியெல்லாம் தூக்கிக்கொண்டு போகும். குலை தள்ளிய வாழை அடியோடு சாயும். ஆண்டிபட்டிப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுற்றுவது இந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான். இங்கே காற்றுக்குத் திசை உண்டு, மாசம் உண்டு, குணம் உண்டு. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும், போனது போனதுதான். இந்த வைரமுத்துதான் 1994இல் ‘கருத்தம்மா’ படத்துக்கு, தேனியைப் பெயர் சொல்லியே தென்மேற்குப் பருவக்காற்றைப் பாட்டாக்கினார். காற்றோடு வளர்ந்தவர் அவர். அதனால் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் போன காற்று திரும்புமா என்று கேட்கும்போது, இளமை திரும்புமா என்ற பொதுவான கேள்வி மட்டும் அதில் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் தெரிந்த பதில், திரும்பாது என்பதுதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார்.

இந்த இடத்தில் தம்பியிடம் அர்ஜென்டினாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. டாங்கோ என்றால் நமக்குச் சிவப்புக் கவுனும் கறுப்புக் கோட்டும் போட்டு ஆடும் ஆட்டம்தான் ஞாபகம் வரும். அது பாட்டும்கூட. பியூனஸ் அயர்ஸ், மான்டிவிடியோ என்ற துறைமுக நகரங்களில் பிழைப்புத் தேடி வந்து குவிந்த மனிதர்களின் குடியிருப்புகளில் பிறந்த இசை அது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் ஏராளம். அவர்களில் ஆண்கள் அதிகம், தனியாள்கள் அதிகம், ஊர் நினைப்பு எல்லோருக்கும் உண்டு. 1917இல் கார்லோஸ் கார்டெல் ‘மி நோச்சே திரிஸ்தே’ என்ற பாட்டைப் பாடினார். எழுதியவர் பாஸ்குவால் கோந்துர்சி. டாங்கோ கதை சொல்லும் பாட்டாக மாறியது அதிலிருந்துதான் என்பார்கள். பெண் விட்டுப்போய்விட்டாள், ஆண் அறையில் தனியாக இருக்கிறான். கிட்டாரைத் தொட ஆளில்லை, மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது. விளக்குக்கும் அவள் போனது தெரிந்துவிட்டது, ஒழுங்காக வெளிச்சம் தர மாட்டேன் என்கிறது. அவன் துக்கத்தைக் கேட்க அந்த அறையில் உயிருள்ள ஒரு ஆள் கிடையாது. சாமான்கள்தான் கேட்கின்றன.

அந்த மரபின் உச்சம் ‘வோல்வெர்’. திரும்பி வருதல்தான் அதன் பொருள், அதன் கதை எல்லாமே. இசை கார்டெல், வரிகள் அல்ஃப்ரெதோ லெ பெரா. 1935இல் வந்த ‘எல் தியா கே மே கியெராஸ்’ படத்துக்காக எழுதியது. பல வருஷம் கழித்து ஒருவன் தன் ஊருக்குத் திரும்புகிறான். தூரத்தில் ஊர் விளக்குகள் தெரிகின்றன. தலை நரைத்துவிட்டது, நெற்றி சுருங்கிவிட்டது. இருபது வருஷமெல்லாம் ஒரு கணக்கா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஆனாலும் பயம் விடவில்லை. பழைய வாழ்க்கை எதிரில் வந்து நின்றுவிடுமோ, ராத்திரியெல்லாம் ஞாபகங்கள் வந்து கனவைக் கட்டிப்போடுமோ என்று நடுங்குகிறான். யாரிடமாவது அதைச் சொல்கிறானா என்றால் இல்லை. பாட்டு முழுக்க அவன் ஒரு குரல்தான். பழைய காதலி வீட்டில் இருக்கிறாளா, கதவைத் திறப்பாளா, பாட்டில் அதற்கு இடமில்லை. அந்தப் படம் வந்த வருஷமே, 1935 ஜூன் 24இல், கொலம்பியாவின் மெதெயின் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் கார்டெலும் லெ பெராவும் சேர்ந்தே இறந்தார்கள். திரும்பி வருதலைப் பாடியவர்கள் ஊர் திரும்பவில்லை.

இரண்டு பாட்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே சரக்கு. வயது, இழப்பு, திரும்புதல் பற்றிய ஏக்கம். டாங்கோவிலும் தாய் பெரிய பாத்திரம். காதலி விட்டுப்போவாள், நண்பன் கவிழ்த்துவிடுவான், வீட்டில் காத்திருப்பவள் தாய் ஒருத்திதான் என்பது அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். எனவே தம்பியின் கேள்வி உலகத்துக்கே பொதுவான கேள்விதான்.

இனி மலைச்சாமி ஏன் தாய் மடி கேட்கிறார் என்பதற்கு வருவோம். நம் ஊர்ப்பக்கம் மனிதனுக்கு இரண்டு பாட்டு நிச்சயம். பிறந்தால் தாலாட்டு, செத்தால் ஒப்பாரி. இரண்டையும் பாடுவது பெண்கள். நடுவில் இருக்கிற அறுபது எழுபது வருஷத்துக்கு ஆண்பிள்ளை தன் துக்கத்தைப் பாட என்று ஒரு பாட்டும் வகுத்து வைக்கவில்லை. ஆம்பிளை அழக் கூடாது என்று சொல்லியே வளர்த்துவிடுகிறோம். ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற ஆளுக்கு அது இன்னும் கஷ்டம். தன் குறையை யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியிடம் முடியாது. ஊராரிடம் சொன்னால் மானம் போய்விடும். அதனால் அவர் கேட்பது காதலியை இல்லை. தன்னை யாராவது மெச்ச வேண்டும், மடியில் கிடத்தித் தாலாட்ட வேண்டும் என்று, பேசத் தெரியாத வயதில் கிடைத்த ஒன்றை இப்போது கேட்கிறார். இது காதல் பாட்டுத்தான். ஆனால் காதலின் ஆசைப்பகுதிக்கு வெகு முன்னால் இருக்கிற பசியிலிருந்து தொடங்குகிறது. சரணத்தில் அந்தப் பசியை வீட்டுச் சாமான் ஒன்றை வைத்துக் காட்டுகிறார். மெத்தைக்குக் காசு இருந்தது, வாங்கிவிட்டார். உறக்கம்தான் கடையில் கிடைக்கவில்லை. வசதியுள்ள வீட்டின் வறுமையை இவ்வளவு குறைந்த சொற்களில் சொன்ன திரைப்பாட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இதுவரைக்கும் இதை டாங்கோ என்றே சொல்லிவிடலாம். இதற்கு மேல்தான் பாட்டு நம் ஊர்ப் பாட்டாகிறது. ஏனென்றால் பதில் வருகிறது.

மலேசியா வாசுதேவனின் குரல் கேள்வியைப் போட்டுவிட்டு நிற்கிறது. எஸ். ஜானகியின் குரல் எங்கிருந்தோ அதே மெட்டில் எடுக்கிறது. ராசாவுக்கு வருத்தமா என்று கேட்கிறாள். அவர் கலங்குவது வானம் சுருங்குவதற்கும் சூரியன் கறுத்துப்போவதற்கும் சமம், உலகம் அதைத் தாங்காது என்கிறாள். ஆறுதல் சொல்கிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? ஒன்றும் ஆகாது, சரியாகிவிடும் என்பார்கள். இவள் அப்படிச் சொல்லவில்லை. அவர் போட்ட அளவிலேயே, அவர் மெட்டிலேயே, அவர் சோகத்துக்குச் சமமான ஒரு பெருமையை எடுத்து வைக்கிறாள். அதற்கு எங்கள் பக்கத்தில் எசப்பாட்டு என்று பேர்.

எசப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரைக்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிற பூமி இது. நடவுக்கு இறங்கினால் வரிசையாக நின்று குனிந்த முதுகு நிமிராமல் வேலை பார்க்க வேண்டும். அதற்குப் பாட்டு வேண்டும். ஒரு குரல் எடுத்துக் கொடுக்கும், மற்றது பதில் சொல்லும். சில சமயம் வரப்பில் நிற்கிறவன் சீண்டிப் பாடுவான், வயலுக்குள்ளிருந்து பெண்குரல் மடக்கிப் பாடும். யார் பாடியது என்று நிமிர்ந்து பார்த்தால் எல்லாத் தலையும் குனிந்தே இருக்கும். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். நேருக்கு நேர் நின்று பேச முடியாத இரண்டு பேர் பாட்டில் பேசிக்கொள்ளலாம். கூலிக்காரப் பெண் பண்ணையார் வீட்டுப் பையனுக்குப் பதில் சொல்லலாம். பாட்டு என்பதால் ஊர் அதைப் பொறுத்துக்கொள்ளும். அந்தச் சலுகையைத்தான் வைரமுத்து இந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். இது என் ஊகம் இல்லை, பாட்டிலேயே சாட்சி இருக்கிறது. தான் பாடியது எசப்பாட்டு என்று குயில் தன் வாயாலேயே சொல்கிறாள்.

இப்போது இரண்டு சரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். முதல் சரணத்தில் அவர் தன்பாட்டுக்குப் பாடி, யாரிடமும் சொல்லாத சோகத்தைச் சொல்லிவிட்டேனே என்கிறார். அங்கே போவது யார் என்று கேட்கிறார். அவள் நழுவுகிறாள். பாடுகிற குயில் முகத்தைக் காட்டுமா என்று ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டு மறைவிலேயே நின்றுகொள்கிறாள். அவள் பேரே குயில் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த இடம் இரட்டிப்பு ருசி. அவள் பேரைச் சொல்லியும் விட்டாள், மறைத்தும் விட்டாள்.

இரண்டாவது சரணத்தில் அவர் இன்னும் ஒரு படி இறங்குகிறார். உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரிக்கிறேன், வேஷத்தை நன்றாகவே கட்டுகிறேன் என்று ஒத்துக்கொள்கிறார். ஊருக்கு முன்னால் ஒருபோதும் சொல்ல முடியாத வாக்குமூலம் இது. சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய், வாழ்நாளெல்லாம் வேஷம் கட்டிய சிவாஜியின் முகத்தில் இந்தச் சொற்கள் வந்து உட்காரும்போது ஏற்படுகிற கனத்தை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இப்போது நழுவவில்லை. அந்த வேஷம் மாற வேண்டும், எங்கள் சாமிக்கு மகுடம் ஏற வேண்டும் என்கிறாள். அவர் மறுபடியும் யாரது என்று கேட்கிறார். இந்தத் தடவை தன்னைக் காட்டிக்கொள்கிறாள். அப்போது ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறாள். அவர் ஒருமையில் அழைக்கிறார், அவள் மரியாதையை விடவில்லை. பேச்சில் அவள் கீழேதான் நிற்கிறாள். பாட்டில் இரண்டு பேரும் ஒரே உயரம். இளையராஜா இருவருக்கும் பல்லவியில் ஒரே மெட்டைக் கொடுத்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

மகுடம் என்பதற்கு வருகிறேன், படத்தின் தலைப்பே அங்கேதான் இருக்கிறது. கோயில் திருவிழாவில் யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது, யாருக்கு முதலில் திருநீறு கொடுப்பது என்பது நம் ஊர்களில் உயிர்ப் பிரச்சினை. இந்த முதல் மரியாதைக்காக வெட்டுக்குத்து நடந்திருக்கிறது, கோர்ட்டுக்குப் போன ஊர்கள் இருக்கின்றன, விழாவே நின்றுபோன கோயில்களும் உண்டு. மலைச்சாமிக்கு அந்த மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதெல்லாம் குடும்பப் பேருக்கும் நிலத்துக்கும் கிடைத்தது. ஊர் கட்டிய பரிவட்டத்தை வாங்கிக்கொண்டு தூக்கமில்லாமல் கிடந்தவருக்கு, தலையில் சூட எதுவுமே இல்லாத பரிசல்காரி ஒருத்தி மறைவிலிருந்து மகுடம் வைக்கிறாள். அவருடைய அழுகையைக் கேட்ட பிறகும் அவரை மதிக்கிற முதல் ஆள் அவள். படத்தின் முதல் மரியாதை இதுதான் என்பது என் முடிவு. பின்னால் அவள் விளையாட்டாகச் சொன்ன சொல்லுக்காக அந்த வயதில் இளவட்டக்கல்லைத் தூக்குகிறாரே, அந்தத் தெம்பு இந்தப் பாட்டில் ஏறிய தெம்பு.

நரைத்த தலையின் பாட்டை எழுதியவர்கள் இரண்டு பக்கமும் இளைஞர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘வோல்வெர்’ எழுதியபோது லெ பெராவுக்கு 34 வயது. படம் வெளிவந்தபோது வைரமுத்துவுக்கு 32. முதுமையைப் பாட முதுமை தேவையில்லை, திரும்ப முடியாத ஒன்று இருந்தால் போதும். வைரமுத்து பிறந்தது மேட்டூர் என்ற சிற்றூர். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக அந்த ஊர் தண்ணீருக்குள் போனது. குடும்பம் வடுகபட்டிக்குப் பெயர்ந்தது. அந்தத் துயரத்தைப் பிற்காலத்தில் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்று நாவலாக எழுதினார், 2003இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த ஊரை மனத்தில் வைத்துத்தான் பூங்காற்றை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பஸ் பிடித்துப் போய் இறங்கிப் பார்க்க ஊரே இல்லாத ஒருவருக்குத் திரும்புமா என்ற கேள்வி சும்மா வராது. வைகை அணைப் பூங்காவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டு இந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

கேள்விக்குப் படம் கடைசியில் பதிலும் சொல்கிறது. படமே மலைச்சாமியின் மரணப் படுக்கையில்தான் தொடங்குகிறது. உயிர் போகாமல் யாருக்காகவோ காத்துக் கிடக்கிறார். அவருடைய மானத்தைக் காப்பதற்காகக் கொலை செய்து ஜெயிலுக்குப் போன குயில், பரோலில் வருகிறாள். வந்தவளைப் பார்த்த பிறகுதான் அவர் உயிர் பிரிகிறது. போன காற்று ஒரே ஒரு தடவை திரும்பிவிட்டது. டாங்கோக்காரன் பயந்து பயந்து ஊருக்குள் நுழைந்ததோடு நிற்கிறான். மலைச்சாமியைத் தேடி ஆள் வந்துவிட்டது.

“அப்ப தாய் மடி கெடச்சிருச்சா, இல்லையாண்ணே?” என்றான் தம்பி. கிடைத்தது என்றுதான் சொன்னேன். தன் துக்கத்தைப் பாட ஒருவருக்கு இடம் கிடைத்து, அதைக் கேட்டுப் பதில் பாட ஒரு ஆளும் கிடைத்துவிட்டால், அவர் கேட்டது கைக்கு வந்துவிட்டது.

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ரிங்டோனிலும் இந்தப் பாட்டின் ஆண்குரல் தொடக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். கச்சேரி மேடைகளிலும் பெண்குரலுக்கு ஆளில்லை என்று பல்லவியைத் தனியாகப் பாடி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கையில் மிஞ்சுவது ஒரு மனிதனின் புலம்பல் மட்டும்தான். ஜானகி எடுக்கும் இடம் வரைக்கும் விடுங்கள். மேடையில் பாடுகிறவர்கள், பாட இன்னொரு குரல் கிடைக்கிற அன்றைக்கு இந்தப் பாட்டைப் பாடுங்கள்.